பூங்குழலி அடுக்கிய அலமாரி

வாசலில் நவநீதனைக் குளிப்பாட்டி முடித்து, புது வேட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தனகோடி மாமா ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி உள்ளே வந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்த பூங்குழலியின் எதிரில் குந்தினார்.

"அம்மாடி, நாலு மணிக்குத் தூக்கணும். உன் தம்பி ஆசப்பட்ட சாமான் எதனா ஒண்ணு எடுத்துனு வா. கூடவே வெச்சி அனுப்பிடலாம்."

"இன்னா மாமா வெக்கிறது?"

"எத பாதியில உட்டானோ அத வையி. முப்பத்தோரு வயசுப் புள்ள. கொற வெச்சி அனுப்பக் கூடாது."

அவர்கள் குடும்பத்தில் அது வழக்கம். பூங்குழலியின் அப்பாவோடு பாதி தீர்ந்த பீடிக்கட்டு போயிற்று. நவநீதனோடு வீடியோ கேம்தான் போக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த கேம் என்பதுதான் சிக்கல். உள்ளறை அலமாரியில் மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று இருந்தன.

நவநீதன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷின் மெக்கானிக். லீவு கிடைத்தால் கூட்டாளி தௌசீப் அகமதோடு ரயிலேறி, சென்னையில் பழைய சாமான் கடை கடையாக அலைந்து, பை நிறைய கேம் பெட்டிகளோடு இறங்குவான். கல்யாணப் பேச்சை எடுத்தால் அலமாரியைக் காட்டுவான். "இதுக்கே எடம் பத்தல, இதுல இன்னொரு ஆள எங்கக்கா வெக்கிறது?" பெண் பார்த்துவிட்டு வந்த மாமாவுக்குக்கூட அதே பதில்தான் கிடைத்தது.

அவற்றை அவன் வைத்திருந்த லட்சணம் இருக்கிறதே! சில நின்றன, சில படுத்துக் கிடந்தன, சில சுவரைப் பார்த்துத் திரும்பி முதுகு காட்டின. பூங்குழலியும் ஷூ கம்பெனிதான். பேக்கிங் செக்‌ஷனில் பதினாலு வருடமாக சூப்பர்வைசர். ஒரே ஒரு பெட்டி திரும்பியிருந்தாலும் அட்டைப்பெட்டி முழுவதையும் பிரித்து மறுபடி அடுக்க வைப்பவள். அந்த அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கை பரபரக்கும். தொட்டால் மட்டும் அவன் கத்துவான்.

போன மாதம் அவன் வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் தொட்டாள். டாக்டர் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது, இனி மருந்துக்குக் கேட்காது, வீட்டுக்குக் கூட்டிப்போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ரெண்டு வாரம் ஓடினால் அதிகம் என்றார். அவள் தம்பியிடம் சொல்லவில்லை. அம்மா ராஜம்மாளிடமும் சொல்லவில்லை. அவனுக்குப் படுக்கை போட முதல் நாளே வீட்டுக்கு வந்தவளுக்கு, அம்மா எதிரில் அழவும் முடியவில்லை, சும்மா உட்காரவும் முடியவில்லை. உள்ளறைக்குப் போய், ஒவ்வொரு பெட்டியாகத் துடைத்து, பச்சையெல்லாம் ஒரு வரிசை, நீலமெல்லாம் ஒரு வரிசை என்று அத்தனையையும் நேராக நிற்க வைத்தாள்.

மறுநாள் வந்தவன் அலமாரியின் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தான். திட்டப்போகிறான் என்று அவள் நினைத்தாள்.

"அழகா இருக்குதுக்கா" என்றான்.

அதுவரைக்கும் நாளைக்குப் பத்துத் தரம், "டாக்டர் இன்னாக்கா சொன்னாரு?" என்று நச்சரித்தவன் அதற்குப் பிறகு ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. சீக்கிரம் சரியாகிவிடும் என்ற தன் பேச்சை நம்பிவிட்டான், பயம் தெளிந்துவிட்டது என்று பூங்குழலி நிம்மதியாக இருந்தாள். பதினொரு நாள் அந்த நிம்மதி ஓடியது. இன்றைக்குக் காலையில் காபியை வைத்துவிட்டுத் தோளைத் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

இப்போது அலமாரிக்கு எதிரில் நின்றாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. இதில் எது பாதி என்று யாருக்குத் தெரியும்? சன்னல் வழியாகத் தௌசீப்பைக் கூப்பிட்டாள். ராணிப்பேட்டையில் வேலை பார்ப்பவன், சேதி கேட்டுக் காலையில்தான் ஓடி வந்திருந்தான்.

உள்ளே வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"யாருக்கா இத இப்படி வெச்சது? அவனா?"

"நான்தான். ஏன்டா?"

"ஒண்ணும் இல்லக்கா."

"மூஞ்சி ஏன் அப்படிப் போவுது? சொல்லு."

தௌசீப் தலையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "நிக்கிறதெல்லாம் ஆடி முடிச்சதுக்கா. படுத்துனு இருந்தா பாதியில இருக்குதுன்னு அர்த்தம். முதுகு காட்டுச்சின்னா இன்னும் தொடல, இனிமேதான் ஆடணும். ஸ்கூல் நாள்லேர்ந்தே அவனுக்கு இதான் கணக்கு."

பூங்குழலி அலமாரியைப் பார்த்தாள். பாதியில் ஒன்றும் இல்லை, இனிமேல் என்று ஒன்றும் இல்லை. தம்பி அன்றைக்கு இங்கே நின்று வரிசை வரிசையாகப் படித்தது இதைத்தான். எந்தச் சேதியை வாய் திறந்து சொல்லக் கூடாது என்று வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தாளோ, அதைத் தன் கையாலேயே நூற்று நாற்பத்து மூன்று தரம் எழுதி அவன் கண்ணெதிரில் வைத்திருக்கிறாள்.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா தௌசீப்?"

தௌசீப் கைக்குட்டையை மடித்து மறுபடி தலையில் கட்டினான். வெளியே மேளத்தைச் சூடு காட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"எதெல்லாம் பாதின்னு உனக்குத் தெரியுமாடா?"

"பத்து பன்னண்டு இருக்கும்க்கா. கடைசியா எத ஆடுனான்னு தெரிலியே."

அவளுக்குத் தெரிந்தது. அவன் வீட்டுக்கு வந்த மறுநாள், வேலை முடிந்து வந்தபோது, நீல வரிசையில் கப்பல் படம் போட்ட பெட்டி ஒன்று படுத்துக் கிடந்தது. விழுந்துவிட்டது என்று நிமிர்த்தி வைத்தாள். அடுத்த நாளும் அதேதான் கிடந்தது, அதற்கடுத்த நாளும். மூன்றாம் தரம் நிமிர்த்தும்போது கட்டிலிலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா இது, தெனைக்கும் உழுந்துனே இருக்குது?"

"ஆமாக்கா" என்று சிரித்தான். "நிக்க வெச்சிடு."

நாலாம் நாள் அது விழவில்லை.

பூங்குழலி அந்தப் பெட்டியை உருவினாள். அழுகை அப்போதுதான் வந்தது. காலையிலிருந்து அம்மாவுக்காக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. தௌசீப் வாசலுக்கு முதுகைக் கொடுத்து யாரும் உள்ளே வராதபடி நின்றுகொண்டான்.

"அதுல பதினோரு தீவுக்கா. எட்டாவதுல நிக்கிறேன், ஜாஸ்தி கஷ்டம்னு ஆஸ்பத்திரி போறதுக்கு முந்தி போன்ல சொன்னான்."

நாலு மணிக்குத் தூக்கினார்கள். தெருக்கோடி கைபம்பு வரைக்கும்தான் பெண்கள் போகலாம். அங்கே பாடையை இறக்கி ஒருமுறை முகத்தைக் காட்டினார்கள். ராஜம்மாளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி தோளில் ஏற்றிக் கிளம்பும்போது தனகோடி மாமா திரும்பிப் பார்த்தார்.

"எடுத்துனு வந்தியாம்மா?"

பூங்குழலி தலையசைத்து, முந்தானைக்குள்ளிருந்த பெட்டியைத் தௌசீப்பிடம் நீட்டினாள். அவன் அதை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்துவிட்டான்.

"தௌசீப்!"

"இன்னாக்கா?"

"குழியில நிக்க வெக்காத. படுக்க வெய்யி."

அவன் பெட்டியைச் சாய்த்து இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டான். அது நிமிர்ந்துவிடாமல் குனிந்து பார்த்தபடியே, கூட்டத்துக்குப் பின்னால் மெதுவாக நடந்தான்.