காலேபின் காது

காலேப் உயிர் பிழைத்ததற்குச் சபையே கர்த்தருக்கு நன்றி சொன்னது. அவனுக்குத்தான் வாய் வரவில்லை.

விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் அவன் லோடு வண்டி ஓட்டினான். மாசி மாதத்தில் ஒரு காலை, மருந்து அடைக்கும் முத்துப்பேச்சி தன் அறை வாசலில் நின்று அவனிடம் மணி கேட்டாள். பத்தேகால் என்று சொல்லிவிட்டு இருபது அடி நடந்திருப்பான். வெடித்தது. திரும்பிப் பார்த்தால் அறையும் இல்லை, முத்துப்பேச்சியும் இல்லை. அவன் உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

கீறல் இல்லாதவனை யார் விசாரிப்பார்கள்? அன்று காதுக்குள் புகுந்த கூவல் ஐந்து மாதமாக ஓயவில்லை. டாக்டர் சோதித்துப் பார்த்து, காது நன்றாகக் கேட்கிறது என்று எழுதிக் கொடுத்தார். கேட்பதுதானே தொல்லை.

அவன் மனைவி ஜெமிமா நர்ஸ். அவளுக்கு அந்தக் காகிதம் போதும். வெடிச் செய்தி கேட்டுக் கம்பெனிக்கு ஓடிய வழியிலேயே அவள் பொருத்தனை பண்ணியிருந்தாள்: புருஷன் உயிரோடு இருந்தால், கர்த்தர் காப்பாற்றியதைச் சபை நடுவே எழுந்து சாட்சி சொல்ல வைப்பேன் என்று. காலேப் ஒவ்வொரு ஞாயிறும் தட்டிக்கழித்தான்.

சனிக்கிழமை மத்தியானம், பாடகர் குழுவின் பயிற்சி முடிந்து ஆலயத்தில் அவனும் அவன் வாசிக்கும் கிட்டாரும் மட்டும் இருந்தபோது, ஜெமிமா டூட்டி உடுப்போடு வந்து நின்றாள்.

"நாளைக்காவது எந்திரிச்சு ரெண்டு வார்த்த சொல்லுவீகளா?"

"என்னன்னு சொல்ல? முத்துப்பேச்சிக்கு இல்லாத கிருப எனக்கு மட்டும் இருந்துச்சுன்னா?"

"ரிப்போர்ட்ல ஒண்ணுமில்ல. நாலு பேரு முன்னால நிக்கக் கூச்சப்பட்டு, காதச் சாக்குச் சொல்றீக."

ஊரார் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பான். இவளே சொன்னது அவனைச் சுட்டுவிட்டது. கிட்டாரின் ஒலிபெருக்கியான ஆம்பின் சத்தத்தை முழுக்கத் திருகினான்.

கிட்டாரை ஆம்ப் முன்னால் நீட்டினால், அதன் சத்தம் தந்தியை உலுக்கும். தந்தியின் அதிர்வு மறுபடி ஆம்புக்குள் போகும். விரல் படாமலே ஒரு சுரம் எழும்பி வளரும். ஃபீட்பேக் என்பார்கள். காலேபுக்கு அதில் கொள்ளைப் பிரியம். போன கிறிஸ்துமஸ் பாட்டின் கடைசியில் அதை எழுப்பிவிட்டு, அரை அடி முன்னே பின்னே நகர்ந்து இஷ்டத்துக்கு ஆட்டிவைத்தான். பையன்கள் விசிலடித்தார்கள். இந்த ஊளை இனி ஆலயத்துக்குள் வேண்டாம் என்று போதகர் சொல்லிவிட்டார். வெடிக்குப் பிறகு அவனும் அதைத் தொடவில்லை. காதுக்குள் ஒன்று போதாதா.

இப்போது தந்தியைத் தட்டிவிட்டு நெருங்கினான். முறுக்காணியைத் திருகினான், விலகினான், மறுபடி நெருங்கினான். சுரம் மேலே ஏறி ஏறி ஓரிடத்தில் நின்றது. வெளியே இருந்ததும் உள்ளே இருந்ததும் ஒன்றாகிவிட்டன.

"இதான்," என்று அவள் பக்கம் திரும்பிக் கத்தினான். "இதான் கேக்குது."

ஜெமிமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அரை நிமிடம் தாங்கியிருப்பாள்.

"போதும், நிப்பாட்டுங்க."

உள்ளங்கையைத் தந்திகள் மேல் வைத்தான். ஃபேன் சத்தம் திரும்பி வந்தது.

"ஒனக்கு நின்னுருச்சு," என்றான்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "எப்பவுமா?"

"எப்பவும். ஆனா ஆம்பு கத்துறப்ப உள்ள இருக்கது தெரியல, ஜெமிமா. அஞ்சு மாசத்துல இப்பத்தான் காது சும்மா இருந்துச்சு." சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்தது.

"மறுபடியும் வைங்க," என்றாள்.

வைத்தான். பழைய சந்தோஷம் கைக்கு வந்திருந்தது, சுரத்தை வேண்டுமென்றே நீட்டினான். இந்தத் தடவை அவள் காதைப் பொத்தவில்லை.

போதகர் வேட்டியை மடித்துக் கட்டியபடி வாசலுக்கு ஓடிவந்தார். "என்னம்மா இது? வேண்டாம்னு சொல்லியிருக்கேன்ல. நிறுத்தச் சொல்லு."

ஜெமிமா எழுந்து நின்றாள்.

"சாட்சி சொல்லிட்டு இருக்காக, ஐயா. உக்காந்து கேளுங்க."