இருபத்தைந்து வார்த்தைகள்

மெயின் சுவிட்ச் மூன்றாவது முறையாக விழுந்தது. ஹாலில் அப்பாவைக் கிடத்தியிருந்த ஃப்ரீசர் பெட்டியின் முனகல் நின்றது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் நிறுத்தி, மறுபடி தொடர்ந்தார்கள்.

"ஏல சைமன், அந்த ரூம்ல ஓடுத மிஷினை நிறுத்து," என்றாள் அவன் அம்மா மார்கரெட். பெட்டியின் கண்ணாடியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டும் சேந்து இழுத்தா இந்த வீட்டு லைன் தாங்காது."

சைமன் மெயினைத் தூக்கிவிட்டுப் பின்னறைக்குப் போனான். டெல்லி லக்ஷ்மிபாய் நகரின் மே மாத வெயில் அந்தச் சின்ன அறைக்குள் ஏற்கெனவே புகுந்திருந்தது. மேசைமேல், மூடி கழற்றிய கம்ப்யூட்டரின் விசிறிகள் சுழல ஆரம்பித்தன. கரன்ட் வந்ததும் தானாகவே ஓடும்படி அப்பா அமைத்திருந்தார்.

வானொலியில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா தாமஸுக்கு இதுதான் பொழுதுபோக்கு. கம்ப்யூட்டர் ராப்பகலாகக் கணக்குப் போடும். அதற்குக் கூலியாகத் துளித்துளியாகக் கிரிப்டோ நாணயம் வரும். வந்து சேர ஒரு வாலட் முகவரி வேண்டும். அந்த வாலட்டைத் திறக்க இருபத்தைந்து ஆங்கில வார்த்தைகள், வரிசை மாறாமல் வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில், சைமன்தான் தன் ஆபீஸ் லேப்டாப்பில் அந்த வாலட்டை உருவாக்கித் தந்தான்.

"வார்த்தையெல்லாம் சொல்லு, எழுதிக்கிடுதேன்," என்று அப்பா பேனாவோடு வந்து உட்கார்ந்தார்.

"வேணாம்பா. நீங்க எங்கயாவது தொலைச்சிருவீங்க. என்கிட்டயே சேஃபா இருக்கட்டும்."

தாமஸ் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னார்: "எம் மவன் செஞ்சு குடுத்தது."

ஆறு மாதத்தில் சைமனுக்கு வேலை போனது. காலையில் கூப்பிட்டுச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். குர்காவ்னில் வேறு வேலை தேடி அலைந்த ஒரு மாதம் கழித்துத்தான், அந்த லேப்டாப்பில் மட்டுமே இருந்த வார்த்தைகள் ஞாபகத்துக்கு வந்தன. பழைய ஆபீஸுக்கு ஃபோன் செய்தான். எல்லாவற்றையும் அழித்து வேறு யாருக்கோ கொடுத்தாயிற்று என்றார்கள். அப்பாவிடம் சொல்லவில்லை. வேலை போனதையே அவன் சொல்லியிருக்கவில்லை. வேறு வேலை கிடைத்த பிறகும் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது நிறுத்துவதற்காகக் குனிந்தவன் திரையைப் பார்த்தான். நீளமான முகவரி. அவன் உருவாக்கியதன் கடைசி மூன்று எழுத்துகள் எம், ஏ, டி. 'எனக்குன்னே குடுத்திருக்கான் பாரு, மேட்னு,' என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். திரையிலிருந்த முகவரியின் முடிவில் அது இல்லை. முதலிலிருந்து படித்தான். ஒரு எழுத்துகூட அவனுக்குத் தெரிந்ததாக இல்லை.

வாசலில் நிழல் தட்டியது. கீழ் வீட்டு பிரபா டீ டம்ளரோடு நின்றாள். அமைச்சக அலுவலகமொன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்ப்பவள். திரையைப் பார்த்தாள். பிறகு டம்ளரை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, "ஆண்ட்டிகிட்ட கேளுங்க அண்ணா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மார்கரெட் சமையலறையில் மருந்துப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருட நர்ஸ் கை. அட்டை அட்டையாகப் பிரித்து, காலாவதித் தேதி பார்த்து, வேண்டியதைத் தனியே வைத்தது.

"மா, அப்பா வாலட்டை மாத்துனாங்களா?"

"ம்."

"எப்போ?"

"போன அக்டோபர்ல. பிரபாதான் உக்காந்து செஞ்சு குடுத்தா. வார்த்தையெல்லாம் என் ஜெபப் புஸ்தகத்துல எழுதியிருக்கு. நீ வச்சிருந்த வாலட்ல விழுந்த காசெல்லாம் போச்சுன்னு அப்பாவுக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உன் பழைய ஆபீஸ் பையன் ஒருத்தனை ஐ.என்.ஏ. மார்க்கெட்ல பாத்தாவ. லேப்டாப்பை வாங்கிட்டு உன்னை அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிட்டாங்கன்னு அவன் சொன்னான். மத்ததை அவியளே யோசிச்சிக்கிட்டாவ."

அக்டோபருக்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஞாயிறும் அப்பா கேட்டிருந்தார். சாப்பிடும்போது, செருப்புப் போடும்போது, ஃபோனை வைக்கப்போகும்போது: 'வார்த்தைல்லாம் பத்திரமா இருக்காப்பா?' ஒவ்வொரு முறையும் சைமன் சொன்னது ஒன்றுதான். நேற்று மாலை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியைக் கையால் விலக்கிக்கொண்டு கேட்டார். அப்போதும் சொன்னான். "ஹான்பா. சேஃபா இருக்கு. டென்ஷன் ஆவாதீங்க."

"தெரிஞ்சிருந்தும் ஏம்மா என்கிட்ட கேட்டுட்டே இருந்தாங்க?"

"நானும் கேட்டேன், என்னத்துக்கு அவனைப் போட்டு இப்படிச் சோதிக்கீயன்னு. அவனா சொல்லட்டும் மார்கரெட்னாவ." ஒரு மாத்திரை அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டாள். "நேத்து நீ கிளம்பிப் போன பிறவு முகமூடியை மாட்டி விட்டேன். இன்னைக்கும் சொல்லலன்னு சொன்னாவ."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் பேசல. காலைல அஞ்சு மணிக்குப் போயிட்டாவ."

ஹாலில் மெயின் மறுபடி விழுந்தது. யாரோ ஹிந்தியில் கத்தினார்கள். மார்கரெட் கையைக் கழுவிக்கொண்டு, அவனைத் தாண்டிப் பின்னறைக்குப் போய், பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தாள்.

நான்கு மணிக்கு வண்டி வந்தது. சவப்பெட்டியை ஏற்றியதும் தாயும் மகனும் அதன் இரண்டு பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சரோஜினி நகர் மார்க்கெட் முனையில் சனிக்கிழமைக் கூட்டம், வண்டி நின்றுவிட்டது. சிவப்புச் சட்டையொன்றை ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தி, சைமனுக்கு அளவு பார்ப்பது போலக் காட்டினான் ஒரு வியாபாரி. பிறகு உள்ளே இருந்த பெட்டி கண்ணில் பட்டது. சட்டையை மெல்ல இறக்கி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

சைமன் அம்மாவைப் பார்த்தான். அவள் வெளியே சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.