மேட்டின் மேல் ஒரு சிறுபாலம்

அலாரம் அடித்தது. அணைத்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். கட்டில் இருந்தது, அதில் துவைத்த துணிகள் கிடந்தன. பல் துலக்கினான். குளித்தான். அடுப்பில் பால் வைத்தான், பொங்குவதற்கு முன் இறக்கினான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். முதலில் காலர், பிறகு கைகள், முதுகு, கடைசியாக முன்பக்கம். அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டினான். இந்த வரிசையில் ஒன்று தவறினால் அடுத்தது என்னவென்று நின்று யோசிக்க வேண்டியிருந்தது. அதனால் தவறவிடுவதில்லை.

மாமியார் டீ கொண்டுவந்து வைத்தார். மகளின் சாவுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. போகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, இருக்கச் சொல்லவும் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. அப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது.

"இன்னைக்குத்தானே அந்த ரோட்டு மீட்டிங்?"

"ஆமா அத்தை. காலைல சைட்டு. மத்தியானம் மீட்டிங்."

"வேலை ஆரம்பிச்சா போர்டு வைப்பாங்கல்ல, அதுல அவ பேரு வருமா?"

"போர்டுல கான்ட்ராக்டர் பேருதான் வரும். அவ பேரு வரைபடத்துல இருக்கும். ஓரமா, ஒரு கட்டத்துக்குள்ள."

"அதை யாரு மாப்பிள்ளை பார்ப்பா?"

"யாரும் பார்க்க மாட்டாங்க. ஆனா ரோடு இருக்கிறவரைக்கும் அதுவும் இருக்கும்."

"அது போதும்," என்றார் மாமியார். "கடைசி மூச்சுலகூட 'ரோட்டு வேலையை முடிக்காமப் போறேனே'ன்னு சொன்னவளாச்சே."

அவன் டம்ளரைக் கழுவப் போனான்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கூட இருந்தது அவன் மட்டும்தான். மாமியார் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்; வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அழுகைக்கு நடுவே யாரோ எதையோ சொல்ல, அது உருண்டு திரண்டு இந்த வாக்கியமாகிவிட்டது. அக்கம்பக்கம், உறவு, அலுவலகம் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் போய்ச் சேர்ந்தது. இரங்கல் கூட்டத்தில் தலைமைப் பொறியாளரே அதை மைக்கில் சொன்னார். அவன் மறுக்கவில்லை. மறுத்தால் வேறு என்ன சொன்னாள் என்று கேட்பார்கள்.

அவன் டெண்டர் பிரிவில் இருந்தான். அவள் ஒரு மாடி மேலே, வடிவமைப்புப் பிரிவில் இருந்தாள். மூன்று ஊர்களைக் கோத்துக்கொண்டு போகும் புதிய சாலை; அதன் நடுப்பகுதியில் தண்ணீர் குறுக்கே பாயும் இடங்களுக்கெல்லாம் சிறுபாலம் வரைவது அவள் பொறுப்பாக இருந்தது. மேலே யாருடைய கையெழுத்தும் இல்லாமல் அவளே ஒப்பமிட்ட முதல் வேலை. ஒன்பது சிறுபாலம், ஒன்பது தாள்.

விலை கேட்பதற்கு முன்னால் ஒப்பந்தக்காரர்களை இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்பது விதி. அவர்கள் எதைக் கேட்டாலும் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. பதில்களை எழுதுவது அவன் வேலை.

இரண்டு ஜீப்பில் போனார்கள். ஒப்பந்தக்காரர்களில் மூத்தவருக்கு 'ஜல்லி' என்று பெயர். சொந்தமாகக் கல் குவாரி இருந்தது. வாயைத் திறந்தாலும் அதே சத்தம்தான். இருபத்து மூன்றாவது கிலோமீட்டரில் அவர் கையைத் தட்டி வண்டியை நிறுத்தினார்.

"எல்லாரும் இறங்குங்க. ஒரு வேடிக்கை காட்டுறேன்."

இறங்கினார்கள். நல்ல மேடு. இரண்டு பக்கமும் நிலம் சரிந்து இறங்கியது. ஜல்லி தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரையில் கவிழ்த்தார். தண்ணீர் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சரிவில் ஓடி மறைந்தது.

"பாத்தீங்களா? நான் ஊத்துன தண்ணியே இங்க நிக்கமாட்டேங்குது. நீங்க மூணு கண்ணு வச்சு சிறுபாலம் போட்டிருக்கீங்க. ஆத்தை நான் கொண்டுவரணுமா, டிபார்ட்மென்ட் கொண்டுவருமா? சொன்னா ரேட்டுல சேத்துடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வடிவமைப்புப் பிரிவுத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அலுவலகத்தில் 'அப்புறம்' என்று பெயர்.

"அதை அப்புறம் பாக்கலாம்," என்றார் அவர்.

"இன்னொண்ணு சார். பாலத்தை ரோட்டுக்குக் குறுக்கே நேரா போடாம, பதினஞ்சு டிகிரி கோணலாச் சாச்சு வேற போட்டிருக்கு. தண்ணி சாஞ்சு வந்தாத்தானே பாலத்தைச் சாய்க்கணும்? வராத தண்ணி எப்படி சார் சாஞ்சு வரும்?"

பதினைந்து டிகிரி என்றதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அது இந்தச் சாலையின் பாலமே இல்லை. மூன்று வருடம் முன்பு, இருவரும் வேலைக்குப் புதிது. கடற்கரைச் சாலையில் ஒரு வாய்க்கால் கோணலாகக் குறுக்கிட்டது. அவள் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீரில் டேப்பின் ஒரு முனையைப் பிடித்து நின்றாள். மறுமுனை அவனிடம். "பதினஞ்சு!" என்று கத்தினாள். "எழுதிக்கிட்டியா, இல்ல என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறியா?" அதுவும் இருபத்து மூன்றாவது கிலோமீட்டர்தான்.

வடிவமைப்புப் பிரிவில் யாரும் வெற்றுத் தாளில் தொடங்குவதில்லை. பழைய வேலையின் கோப்பைத் திறந்து, புதுப் பெயரில் சேமித்து, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வருவார்கள். எங்காவது ஒன்று மாறாமல் தங்கிவிடும். ஒருமுறை மலைச்சாலை மதிப்பீட்டில் படகு வாடகை வந்தது. இங்கே ஒரு பாலமே வந்திருந்தது. அந்தக் கோணலை அளந்தது இரண்டே பேர், இப்போது ஒருவன்.

மேட்டின் ஓரத்தில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சார், ரோடு இந்தக் கோடு வரைக்கும் உசருமாமே? அளக்க வந்தவங்க போட்டுட்டுப் போனாங்க."

கடைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இருந்தது. அவர் நெஞ்சு உயரம். தண்ணீர் போக மூன்று கண் வைத்த பாலத்தை உட்கார வைக்க வேண்டுமானால் சாலையை அவ்வளவு தூக்கியாக வேண்டும்.

"அவ்வளவு உசந்தா மழைத்தண்ணி எங்க சார் போகும்?"

கடைக்குள் போகும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"இங்க தண்ணி வந்து பாத்திருக்கீங்களா?" என்று அவன் கேட்டான்.

"நல்லாக் கேட்டீங்க. குடிக்கிறதுக்கே கீழேயிருந்து தூக்கிட்டு வர்றோம்."

திரும்பும்போது 'அப்புறம்' அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்ப்பா, வீட்ல ஏதாவது பேச்சுவாக்குல சொல்லியிருக்காளா? அந்த எடத்தைப் பத்தி. முன்னாடி எப்பவோ வெள்ளம் வந்துச்சு, அந்த மாதிரி?"

அவன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லியிருந்தா நல்லதுப்பா. கவனக்குறைவுன்னு பதில் எழுதினா சீஃப் அந்த ஒன்பது தாளையும் நம்ப மாட்டாரு. மொத்தத்தையும் திரும்பப் போடச் சொல்லுவாரு. இப்ப அவ சீட்ல இருக்கிற பொண்ணு பேர்ல. உன் வீட்டுக்காரி பேரு ஒரு மூலையிலும் இருக்காது."

"மத்த எட்டும் சரியாத்தான் சார் இருக்கு."

"எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்ல முடியுமா?"

"கடைக்குள்ள தண்ணி போகும் சார்."

"அது அப்புறம். ஓரமா ஒரு வடிகால் வெட்டிக் குடுத்துடலாம்."

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தான், சாப்பிட்டான், மூடினான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

கூட்ட அறையில் நீள மேசை, சுழல் நாற்காலிகள், ஓயாமல் இரைந்த ஏ.சி. தலைமைப் பொறியாளர் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தார். மண் எடுக்கும் இடம், மின்கம்பம் மாற்றுவது, மழைக்கால விடுப்பு. எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. பதினேழாவது, ஜல்லி எழுப்பிய பாலத்தைப் பற்றிய கேள்வியில் நின்றார். கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"இந்தப் பாலங்களைப் போட்டது இவர் வீட்டம்மா. இப்ப இல்ல," என்றார் மற்றவர்களிடம்.

ஜல்லியின் முகம் தொங்கிப்போனது. "அடடா, எனக்குத் தெரியாது தம்பி. சார், அந்தக் கேள்வியை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வாபஸ் எல்லாம் கிடையாது. பதிவாகிடுச்சு." தலைமைப் பொறியாளர் அவன் பக்கம் திரும்பினார். குரல் கனிந்திருந்தது. "சாகிற நேரத்துலகூட இந்த ரோட்டையே நினைச்சவங்க. காரணம் இல்லாமப் போட்டிருக்க மாட்டாங்க. உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, 'வடிவமைப்பாளர் நேரில் கண்டது'ன்னு எழுதி முடிச்சிடலாம்."

ஒரு வார்த்தை போதும். அந்த அறையில் அதைச் சரிபார்க்க ஆளில்லை. 'அப்புறம்' மேசைக்கடியில் அவன் முழங்காலைத் தொட்டார்.

மேசையில் விரித்திருந்த வரைபடத் தாளின் மூலையில் இருந்த கட்டத்தை அவன் பார்த்தான். அவள் கையெழுத்தின் கடைசி எழுத்து எப்போதும் கட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். எத்தனை முறை சொல்லியும் அவள் திருத்திக்கொள்ளவில்லை. தாளைத் திருப்பி வைத்தான்.

"எதுவும் சொல்லல சார்."

"யோசிச்சுப் பாருங்க."

"இது பழைய கடற்கரை ரோட்டுப் பாலம். அங்க வாய்க்கால் கோணலா வரும். அளக்கும்போது நான் கூட இருந்தேன். பழைய ஃபைலை மாத்துறப்ப இந்த ஒரு தாள் விட்டுப்போச்சு. இங்க பாலம் வேண்டாம். போட்டா ரோட்டை உசத்தணும், தண்ணி கடைக்குள்ள போகும்."

தலைமைப் பொறியாளர் முன்னால் சாய்ந்தார்.

"அப்ப கடைசி நேரத்துல ரோட்டைப் பத்திச் சொன்னது?"

"அப்படியும் எதுவும் சொல்லல சார்."

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு 'அப்புறத்'தைப் பார்த்துச் சொன்னார்: "ஒன்பதையும் திரும்பப் போடுங்க. இப்ப இருக்கிற பொறியாளர் பேர்ல."

முதல் தடவையாக அவர் அப்புறம் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அவன் தன் இடத்துக்கு வந்து தட்டச்சு செய்தான். இச்சிறுபாலம் கவனக்குறைவால் சேர்க்கப்பட்டது, நீக்கப்படுகிறது, சாலையின் உயரம் பழைய அளவிலேயே இருக்கும். அச்செடுத்துக் கையெழுத்துக்கு அனுப்பினான். நடைபாதையில் ஜல்லி காத்திருந்தார்.

"தம்பி, நீங்க ஒரு பொய் சொல்லியிருந்தா நானே நம்பியிருப்பேன். தண்ணியும் கொண்டுவந்து விட்டிருப்பேன்."

"தெரியும்ணே," என்றான்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் கட்டிலில் கிடந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றியபடியே சொன்னான்.

"அவ பேரு வரைபடத்துல இருக்காது அத்தை."

நடந்ததை வரிசையாகச் சொன்னான். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

"என் பொண்ணு தப்பு பண்ணிட்டாளா?"

"ஒரு தாளை மாத்த மறந்துட்டா. அங்க எல்லாரும் பண்றதுதான்."

"எல்லாரும் பண்றதுன்னா எல்லாரையும் காட்டிக் குடுத்தீங்களா? அவளை மட்டும் சொல்லிட்டு வந்து நிக்கிறீங்க. வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

அவர் ஒரு துப்பட்டாவை எடுத்தார். மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

"அவ அப்படிச் சொல்லலைன்னும் சொன்னீங்களா? ரோட்டைப் பத்தி?"

"ஆமா."

"நான் எங்க அங்க இருந்தேன்? யாரோ சொன்னாங்க. நான் பிடிச்சுக்கிட்டேன். எதையாவது பிடிச்சுக்க வேண்டாமா?" துப்பட்டாவை மடியில் வைத்துக்கொண்டார். "சரி, உட்காருங்க. என்னதான் சொன்னா?"

இதுவரை அவனிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது.

கட்டிலின் ஓரத்தில், துணிகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கு அருகில் ஒரு ஜன்னல் இருந்தது. நர்ஸ் கதவைத் திறக்கும்வரை ஸ்ட்ரெச்சர் அங்கே நின்றது. அவள் வலியோடு தலையைத் தூக்கி வெளியே பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள், எப்போதும் திட்டுவதற்கு முன் பார்க்கிற மாதிரி.

"வண்டிய வெயில்ல விட்டுட்டு வந்திருக்க பாரு. போய் நிழல்ல நிறுத்து. திரும்பிப் போறப்ப சீட்டு சுடும்."