ஜுரம் விட்ட பிறகு

விடாமல் அடித்த மழை ஓய்ந்ததும், பிஜியின் வடக்குத் தீவுகளில் ஊருக்கு ஊர் டெங்கு பரவியது. அந்த நேரம் பார்த்துத்தான் சுகாதார நர்ஸுகளான எங்களை, செய்யும் வைத்தியத்துக்கு ஆராய்ச்சியில் ஆதாரம் தேடக் கற்றுத்தரும் ஒரு வகுப்புக்கு நகரத்துக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்பதால் வந்தோம்.

என் மதினி திதிலியா மரவள்ளிக்கிழங்கை மென்றுகொண்டே முனகினாள். "இருபது வருஷமா ஊசி போடுறேன். இப்பப் போய் ஆதாரம் எங்கேன்னு கேக்குறாங்க. என் ஊருக்கு வந்து பாக்கட்டும், எல்லாரும் உசுரோடதான் இருக்காங்க."

"உன் ஊசிக்குப் பயந்தே எழுந்து ஓடியிருப்பாங்க" என்றேன். எங்கள் பக்கம் மதினியைச் சீண்டாமல் விட்டால் கோபித்துக்கொள்வாள்.

வகுப்பெடுத்த சீனியர் நர்ஸ் லவேனியா டீச்சர் சொன்னார்: "உங்க சுகாதார நிலையத்துல யோசிக்காமச் செய்யுற ஒரு பழக்கத்தைச் சொல்லுங்க. அது சரிதானான்னு ஆராய்ச்சியில தேடிப் பாருங்க."

"ஜுரம் விட்டா வீட்டுக்கு அனுப்பிடுறது" என்றாள் திதிலியா. "அதுக்குமா ஆராய்ச்சி?" எல்லோரும் சிரித்தோம்.

"அதையே தேடுங்க" என்றார் டீச்சர். அவர் சிரிக்கவில்லை.

திதிலியா கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கால் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. ஒரு கட்டுரையை மூடி இன்னொன்றைத் திறந்தாள். அதையும் மூடி வேறொன்று.

"மதினி, இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டாள்.

எல்லாக் கட்டுரைகளும் ஒன்றையே சொல்லின. டெங்குவில் சிலருக்கு ஜுரம் இறங்கும்போதுதான் ஆபத்தே தொடங்குகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். வயிறு வலிக்கும், வாந்தி வரும், கை கால் குளிரும். அப்புறம் நாடி விழும்.

"நேத்து படகு ஏறும்போது செரைமாவைப் பாத்தேன்" என்றாள் திதிலியா. செரைமா அவள் ஊர்ப் பள்ளி வாத்தியாரின் மனைவி. "ஜுரம் இல்ல. தேறிட்டே, எழுந்து நடமாடுன்னு சொல்லிட்டு வந்தேன்."

அங்கேயே போன் போட்டாள். வாத்தியார் கோரோய் எடுத்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நர்ஸம்மா! நீங்க சொன்னபடியே ஜுரம் சுத்தமா விட்டுருச்சு. கை காலெல்லாம் ஜில்லுனு இருக்கு."

"சாப்பிட்டாளா?"

"எங்க? வாந்திதான். வயிறு வலிக்குதுன்னா. இப்ப நல்லாத் தூங்குறா. எழுப்புனாக்கூட எழுந்திரிக்க மாட்டேங்குறா."

திதிலியா போனை என்னிடம் நீட்டினாள். "அவளைத் தனியா விடாதீங்க, உடனே வர்றோம்" என்றேன்.

டீச்சர் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பேசினார். சலைன் பைகளோடு நாங்கள் மூவரும் போலீஸ் படகில் ஏறினோம். வழியெல்லாம் அலை முகத்தில் அடித்தது. கரையில் நின்றிருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினார்கள். செரைமா தேறிவிட்டாள் என்றே அவர்களும் நினைத்திருந்தார்கள்.

செரைமாவின் மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. டீச்சர் ஒரு கையிலும் நான் மறு கையிலும் சலைன் ஏற்ற நரம்பு தேடினோம். எனக்குக் கிடைத்தது. சலைன் இறங்க இறங்க, இழை மாதிரி ஒரு துடிப்பு விரலில் தட்டியது. அவள் கண் திறந்தாள். டீச்சர் அவளை அதே படகில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவள் பிழைத்துக்கொண்டாள்.

படகு போனதும் திதிலியா ஊர்த்தலைவரிடம் கேட்டாள். "வேற யாருக்கெல்லாம் ஜுரம் விட்டிருக்கு?"

"பாதி ஊருக்கு விட்டுருச்சும்மா, கடவுள் புண்ணியம். அபிசாய் தோட்டத்துக்கே போயிட்டான்னாப் பாருங்களேன்."

நாங்கள் தோட்டத்துக்கு ஓடியபோது சேப்பங்கிழங்குப் பாத்திக்கு நடுவே அபிசாய் குப்புறக் கிடந்தார். ஈறெல்லாம் ரத்தம். தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது. "இனி பயமில்லைன்னு நீங்க சொன்னீங்களேம்மா" என்றாள் அவர் மனைவி. குறையாகச் சொல்லவில்லை. புரியாமல் கேட்டாள்.

திதிலியா அவள் காலடியிலேயே உட்கார்ந்தாள். "தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். "எனக்குத் தெரியலை. இன்னைக்குத்தான் படிச்சேன்." பிறகு எழுந்து அடுத்த வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

அன்று பார்த்தவர்களில் இருவரை மறு படகில் அனுப்பினோம். அவர்களும் பிழைத்தார்கள். ஆனால் அந்த வீட்டுக்குள் நுழையும்போது அது எதுவும் எங்களுக்குத் தெரியாது. பாயில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள்.

"ஜுரம் எப்ப விட்டுச்சு?" என்றாள் திதிலியா.

"காலையிலதான் நர்ஸம்மா" என்று அவள் அம்மா சிரித்த முகமாகச் சொன்னாள்.