கத்தலான் தட்டுகளின் எல்லைப் பிரிவினை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் ஒரு மணி நேரம் இருக்கும், போய்விடும். ஆனால் 1960ஆம் வருஷம் மார்ச் மாதம் வந்த கோபம் மட்டும் பத்து நாளாகியும் போகவில்லை. அது என் சிநேகிதன் நாகபூஷணத்தின் மேல் வந்த கோபம்.

ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தாலுகா ஆந்திரத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்துக்குப் போவதாக முடிவாகியிருந்தது. உத்தியோகஸ்தர்களிடம் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். திருப்பதி தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சுகமாக உட்கார்ந்திருந்தவன், சொந்த ஊர் என்று திருத்தணியை எழுதிக் கொடுத்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சித்தூர் சர்வே ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். புது எல்லையை வரைபடங்களில் சிவப்பு மையால் இழுத்துக்கொண்டிருந்தவனே நான்தான். என் கையாலேயே அவனை அந்தப் பக்கம் தள்ளிக் கோடு போட வேண்டியிருந்தது. எரிச்சல் வராதா?

எங்கள் இருவருக்கும் பொதுச்சொத்து நான்கு இசைத்தட்டுகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலூரில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஊர் திரும்புகையில் தன் சாமான்களை விற்றார். நாங்கள் கட்டில் வாங்கப் போனோம். கட்டில் அதற்குள் விலை போய்விட்டது. கிழிந்த அட்டைப் பெட்டியில் கிடந்த இந்த நான்கு தட்டுகளைப் பாதிப் பாதி காசு போட்டு வாங்கி வந்தோம். கூட ஒரே ஒரு இங்கிலீஷ் தாள். ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கு மூலையில் கத்தலோனியா என்றொரு சீமை. அங்கே ஜனங்கள் கைகோர்த்து வட்டமாக நின்று ஆடுவார்கள். அந்த ஆட்டத்துக்கு வாசிக்கும் பதினொரு பேர் கோஷ்டிக்காக எழுதிய நீண்ட இசை இது என்று அதில் இருந்தது. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் எல்லாம் அவர்கள் பாஷை. எண்களைக்கூட எழுத்தில்தான் போட்டிருந்தார்கள்.

முதல் முறை என் வீட்டு கிராமபோனுக்குச் சாவி கொடுத்து முள்ளை வைத்தபோது, சமையற்கட்டிலிருந்து என் மனைவி செங்கம்மா வெளியே ஓடி வந்தாள்.

"யாரு வூட்லங்க கல்யாணம்? நம்மளக் கூப்பிடவே இல்லியே!"

அவள் மேல் தப்பில்லை. அந்தக் கோஷ்டியில் நான்கு பேர் ஊதுவது சீவாளி வைத்த குழல். நாகஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். கடல் தாண்டி எங்கேயோ இருப்பவர்கள் நம் கோயில் வாசலில் நின்று ஊதுவதுபோல் இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாகபூஷணம் கண்ணைத் துடைத்துக்கொண்டான், புகை என்றான். அடுப்பு அணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அன்று பிடித்தது பைத்தியம். பாகாலா வழியாக வரும் காலை ரயிலில், ஒவ்வொரு இரண்டாவது சனிக்கிழமையும் நாகபூஷணம் சித்தூருக்கு வந்துவிடுவான். சென்னை மூர் மார்க்கெட்டில் தேடி ஸ்பானிய கிதார் தட்டுகள் இரண்டு பிடித்தோம். யார் வீட்டு ரேடியோவிலாவது அந்தப் பக்கத்துச் சங்கீதம் கரகரத்தால் போய் உட்கார்ந்தோம். ஆனாலும் கடைசியில் அந்த நான்கு தட்டுகளுக்குத்தான் வருவோம். பெட்டியில் இருந்த வரிசைப்படி முதல் தட்டின் மேல்பக்கம், திருப்பிப் போட்டு அதன் அடிப்பக்கம், பிறகு இரண்டாவது தட்டு என்று வரிசையாகக் கேட்போம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் தட்டு போடுவார்கள். இந்தப் பக்கம் பல்லவி என்றால் அந்தப் பக்கம் சரணம்.

கேட்கக் கேட்க கத்தலான் சங்கீதத்தின் சூட்சுமம் எங்களுக்குப் பிடிபட்டது. மெதுவாகத் தொடங்கி எட்டாவது நிமிஷத்திலேயே மங்களம் பாடுவதுபோல் எல்லா வாத்தியமும் ஒன்றாக முழங்கி முடித்துவிடுவார்கள். அப்புறம் மறுபடி தொடங்குவார்கள். கடைசித் தட்டின் கடைசியிலோ, பாதி பேச்சில் எழுந்து போகிறவன்போல் அறுந்து நிற்கும். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டு, முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் விடுவது அவர்கள் மரபு என்று நான் கண்டுபிடித்தேன். பத்துப் பக்கத்துக்குக் கட்டுரையே எழுதினேன்.

போன வருஷம் திருப்பதியில் ஒரு வாசகசாலையில் 'இசைத்தட்டுக் கச்சேரி' வைத்தோம். நான் கட்டுரை படிக்க, நாகபூஷணம் முள் மாற்றி மாற்றித் தட்டு போட்டான். நாற்பது பேர் வந்திருந்தார்கள். "பாகுந்தி, பாகுந்தி" என்று முன்வரிசையில் தலையாட்டினார்கள். முடிந்ததும் ஒருவர் வந்தார். பெயர் துலுக்காணம், ரேணிகுண்டா ரயில்வே பாண்டில் கிளாரினெட் வாசிப்பவர், ஜாஸ் பிரியர்.

"ஜாஸுக்குள்ளயும் இந்த ஸ்பெயின்காரன் இருக்கான் சார்" என்றார். "நியூ ஆர்லியன்ஸ்னு அமெரிக்காவுல ஒரு துறைமுகம். அங்கதான் ஜாஸ் பொறந்துச்சி. பக்கத்துல கியூபா. ஸ்பெயின்காரன் பாட்டும் ஆப்பிரிக்காக்காரன் தாளமும் கலந்து கப்பல்ல வந்து எறங்கிச்சி. பியானோ வாசிக்கறவன் எடதுகையில அந்த நடையைப் புடிச்சிக்கினான்." மேஜையில் விரலால் தட்டிக் காட்டினார். ஒன்று நீண்டு, ஒன்று தாவி, இரண்டு நடந்தது. எனக்கு உடனே அதையும் கட்டுரையில் சேர்க்கவேண்டும் என்று ஆசை வந்தது. அப்போது அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "சார், இது மிஷின்ல அடுக்கி வெச்சிப் போடற செட்டா?"

"இது சாவி குடுக்கற மிஷின்பா, பாத்தா தெரியல?" என்றேன். முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். மனிதர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த மார்ச் இரண்டாவது சனிக்கிழமை, கடைசிக் கேட்பு. நாகபூஷணம் வந்தான். நான் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டுகளை மேஜைமேல் வைத்தேன்.

"பிரிச்சிக்கலாம். ஆளுக்கு ரெண்டு. சர்க்காரே பிரிச்சிக்கிது, நமக்கின்னா?"

"நாலும் ஒண்ணாத்தான்பா இருக்கணும்" என்றான் அவன்.

"அப்போ எங்கிட்ட இருக்கட்டும். மிஷினு எங்கிட்டதான கீது."

"திருத்தணியில நானும் ஒரு மிஷினு வாங்கிப்பேன்."

"வாங்கு. எல்லாத்தையும் அங்கயே வாங்கிக்கோ. சிநேகிதனையும் அங்கயே வாங்கிக்கோ."

தட்டு என்னடா தட்டு, இனி மாதாமாதம் வரமாட்டாயே என்பதுதான் என் துக்கம். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை, இன்னொரு ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது?

செங்கம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கினா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வெளங்காது. இப்பவே தப்பாத்தான் போட்டுக்கினு கீறீங்க."

"என்னாது தப்பு?"

"மொதல் பிளேட்டு மேல்பக்கம் ஒரு இழுப்பு இழுத்துக்கினே போயி நிக்குது இல்ல? அந்த இழுப்பு அடிப்பக்கத்துல இல்ல. ரெண்டாவது பிளேட்டோட மேல்பக்கத்துல கீது. ரெண்டாவதோட நுனி மூணாவதுல கீது. எங்க நைனா வூட்ல தறியில பழைய பாவு நூலு தீரச்சொல்லோ புதுப் பாவை இழைக்கு இழை முறுக்கி ஒட்டுவோம். எடம் மாறி ஒரு இழையை ஒட்டினா வெரல்லயே தெரிஞ்சிடும். இது காதுல தெரியுது, அவ்ளோதான்."

அவள் நகரி நெசவுக்காரர் வீட்டுப் பெண். எனக்குக் கோபம் வந்தது. "மூணு வருஷமா தெரிஞ்சா இத்தினி நாளு ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் பாத்தேன். நீங்க கட்டுரை எழுதிக்கினு இருந்தீங்க."

நாகபூஷணம் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. எனக்குத் துலுக்காணம் கேட்டது அப்போதுதான் உறைத்தது. அடுக்கி வைத்துப் போடும் மிஷினில் நான்கு தட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மேல்பக்கங்களை வாசிக்கும். பிறகு மொத்த அடுக்கையும் அப்படியே கவிழ்த்தால் நான்காவதன் அடிப்பக்கம் முதலில் வரும். முதல் தட்டின் அடிப்பக்கம் கடைசியில் வரும். அப்படி வாசிப்பதற்கென்றே அச்சடித்த தட்டுகள். நான் திருப்பதியில் நாற்பது பேருக்கு எடுத்துச் சொன்ன கத்தலான் மரபு, ஒரு அடுக்கைக் கவிழ்க்கத் தெரியாத மரபு.

சாவி கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு அடிப்பக்கங்கள், நான்கிலிருந்து ஒன்றுக்கு. செங்கம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு இழுப்பும் அடுத்த பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அறுந்து நிற்கும் என்று நான் சத்தியம் செய்த இடம் அறுந்து நிற்கவில்லை. மறு தட்டில் மூச்சு வாங்கி எழுந்தது. கடைசியில் முதல் தட்டைத் திருப்பிப் போட்டேன். மூன்று வருஷமாக அவசரமாய் முன்னாலேயே வந்து முழங்கிய மங்களம், இப்போது அரை மணி நேரம் நடந்து வந்து தன் இடத்தில் நின்று முழங்கியது. இத்தனை நாளும் அதை நாங்கள் கேட்கவே இல்லை என்று தோன்றியது. நாகபூஷணம் அழுதான். இந்த முறை புகை என்று சொல்லவில்லை. நானும் அழுதேன். சந்தோஷமாக இருந்தது.

தட்டுகளை அடுக்கிக்கொண்டே அவன் சொன்னான். "நாலையும் நீயே வெச்சிக்கோ பாலு. பிரிச்சா பாட்டு பாழாப் பூடும்."

காலையிலிருந்து நான் கேட்டுச் சண்டை போட்டது இதைத்தான். நான் மூன்றாவது தட்டையும் நான்காவது தட்டையும் எடுத்தேன். துண்டில் சுற்றினேன். அவன் பையில் வைத்தேன்.

"இதைத் தனியா வெச்சிக்கினு நான் இன்னாய்யா பண்றது? இதுல ஆரம்பமும் இல்ல, முடிவும் இல்ல."

"ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். "எங்கிட்ட கீறதுல நடுவு இல்ல. அதனாலதான் குடுக்கறேன்."

அவன் என்னைப் பார்த்தான். பையின் வாயைக் கட்டிக்கொண்டான். செங்கம்மா மூன்று பேருக்கும் இலை போட்டாள்.

ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே கிராமபோனுக்குச் சாவி கொடுத்துவிட்டேன். வருவான் என்று கடுதாசி ஒன்றும் வரவில்லை. முதல் தட்டின் மேல்பக்கம் போட்டேன். இரண்டாவதன் மேல்பக்கம் போட்டேன். அந்த இழுப்பு நீண்டு போய் நின்றது. முள் வெறுமே சுற்றியது. மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். பத்து மணி ஆயிற்று. திருத்தணி பஸ் வழியில் கெட்டு நின்றிருக்கும் என்றாள் செங்கம்மா. புது ஆபீசர் லீவு கொடுத்திருக்க மாட்டான் என்றேன் நான். எனக்கு மறுபடி கோபம் வரத் தொடங்கியது.

பத்தரைக்கு வாசலில் நிழல் தட்டியது. நாகபூஷணம் வியர்த்து வழிந்து நின்றான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, துண்டை அவிழ்த்து, மூன்றாவது தட்டை என் கையில் கொடுத்தான்.

"எதுவரைக்கும் போட்ட?" என்று கேட்டான்.