இரண்டு இடது தோள்கள் உள்ள குதிரை

வகுப்பே அவளைக் 'குளம்பு' என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் தரை அதிர மிதிப்பாள். கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் மிதிக்காத நாள் கிடையாது.

குதிரை உடற்கூறியலில் இரண்டு முறை தோற்றிருந்தாள், இரண்டு முறையும் ஒரே எலும்பில். இன்று மூன்றாவது முறை. இதிலும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எண்பது பேருக்கு ஒரே ஒரு செத்த குதிரை. முதுகெலும்புப் பாடத்தில் அவள் பார்த்ததெல்லாம் முன்னால் நின்ற பையன்களின் முதுகைத்தான். பொறுத்துப் பார்த்தவள், கல்லூரி லாயத்தில் நின்ற கிழட்டுப் பெட்டைக்குதிரையிடம் போனாள். கண்ணை மூடிக்கொண்டு தோளைத் தடவினாள். தோலுக்கடியில் மேலிருந்து கீழே ஒரு மேடு ஓடியது. மேட்டுக்கு முன்னால் குறுகல், பின்னால் நல்ல அகலம். சாக்பீஸால் கோடு போட்டாள். மறுபக்கம் போனாள், அங்கேயும் அதே கதை. பாடம் நடத்திய களைப்பில் குதிரை அவள் சட்டைக் கையைக் கொஞ்சம் தின்றது.

உடற்கூறியல் கூடத்தில் நின்ற குதிரை எலும்புக்கூட்டிலோ, வலது தோளில் மட்டும் அகலம் முன்னால் இருந்தது. இரண்டு குதிரைகளின் எலும்புகளை ஒரே கொப்பரையில் வேகவைத்து, கலந்து, இரண்டு இடது தோளெலும்புகளை ஒரே குதிரைக்கு மாட்டியிருக்கிறார்கள். மாட்டியவர் அன்றைக்கு மாணவர், இன்றைக்குப் பேராசிரியர். கூட்டின் காலடியில் அவர் பெயர் பித்தளையில் மின்னியது. "பரீட்சைக்கு வலது, குதிரைக்கு இடது" என்று சீனியர்கள் ஜூனியர்களுக்கு ரகசியமாக ஓதி வந்தார்கள்.

இன்று காலையில் அம்மா போன் செய்தாள்.

"அந்த ஆளு கேட்டா வலதுன்னு சொல்லித் தொலையேன்டி. எலும்பு வந்து உன்கிட்ட சண்டையா போடப்போகுது?"

"அது போடாதும்மா. நான் போடுவேன்."

"நல்லா போடு. அப்புறம் வீட்ல வந்து உக்காந்து எங்கிட்ட போடு."

தேர்வு மேஜையில், கூட்டின் வலது தோளிலிருந்து கழற்றிய அந்த எலும்பு கிடந்தது. பக்கத்தில் இடது தோளெலும்பு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "வாம்மா, பழைய ஆளு. இது எந்தப் பக்கம்?"

"இடது சார்."

"மூணு தடவை சொன்னா மாறிடுமா?"

"முப்பது வருஷமா நீங்க சொல்லியும் மாறலியே சார்."

பிஸ்கட் முறிந்து தேநீருக்குள் விழுந்தது. பேராசிரியரின் காது மடல்கள் சிவந்தன.

"திமிரு! இது நான் கோத்த எலும்பு, தெரியுமா?"

"தெரியும் சார், பித்தளையில போட்டிருக்கு. ரெண்டையும் கையில எடுங்க. கண்ணை மூடிட்டுத் தடவிப் பாருங்க."

அவர் எடுக்கவில்லை. தேர்வாளர்தான் கையைத் துடைத்துவிட்டு எடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தார். மேட்டோடு மேடு, பள்ளத்தோடு பள்ளம் கச்சிதமாகப் பொருந்தின.

"ரெண்டும் இடதுதான் சார்" என்றார் மெதுவாக, ஏதோ துக்கம் விசாரிப்பவர்போல. "பொண்ணுக்கு மார்க் போட்டுடலாமே?"

பேராசிரியர் பேனா தாளைக் கிழிக்காத குறையாக ஐம்பது என்று எழுதினார். பாஸ். சரியாக விளிம்பில்.

குளம்பு வெளியே வந்து சுவரில் சாய்ந்தாள். அம்மாவுக்குச் சொல்லப் போனை எடுத்தாள். அடுத்த பையன் உள்ளே போனான். கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

"இது எந்தப் பக்கம்?"

"வலது சார்."

"வெரி குட்."

தேர்வாளரின் குரல் கேட்கவே இல்லை. புது பிஸ்கட் போலிருக்கிறது.

அவள் போனைப் பைக்குள் போட்டாள். கதவைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதியது.

"உனக்குத்தான் போட்டாச்சே, போம்மா!" என்றார் பேராசிரியர்.

"எனக்குப் போட்டுட்டீங்க. இவனுக்கு என்ன போடுறீங்கன்னு பாக்கணும்."

பையன் எலும்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பேராசிரியரைப் பார்த்தான்.

"சார்... இன்னொரு தடவை சொல்லலாமா?"

குளம்பு மேஜையிலிருந்த இரண்டு எலும்புகளையும் தூக்கி அவன் கைகளில் திணித்தாள்.

"கண்ணை மூடுடா" என்றாள்.