தக்காளி அழுகக் காத்திருந்த மாதேஸ்வரி

ஜூலை 8, செவ்வாய். நேற்று எழுதியதில் ஒரு தவறு. பேராசிரியர் மாதேஸ்வரி இருக்கும் அறையில் தக்காளி மெதுவாக அழுகும் என்று எழுதியிருந்தேன். அவர் வீட்டில் மாலை வகுப்பு முடிந்து வந்ததும் திருத்துகிறேன்: அழுகவே அழுகாது. காய் காயாகவும் பழம் பழமாகவும் அப்படியே நிற்கும்.

ராயக்கோட்டைத் தக்காளித் தோட்டத்துப் பெண் அவர். மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் ஆராய்ச்சிக்கு 1979இல் சேர்ந்தபோது அந்தத் துறையில் வேறு பெண் கிடையாது. பழத்தை இளக்கும் நொதியைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு முதலில் பழம் இளக வேண்டும். பெண்பிள்ளை பாதியில் எழுந்து போய்விட்டாள் என்று பேச்சு வரக்கூடாதென்று தக்காளி அடுக்கிய தட்டுகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், சாப்பாடும் அங்கேயே. பழங்கள் பறித்த அன்றுபோலவே பளபளத்தன. பக்கத்து மேசையில் இருந்த பால்கூடப் புளிக்கவில்லை. உதவித்தொகை முடியப்போகும் சமயத்தில் துறைத்தலைவர் நாராயணப்பன், ஓசூர்க்காரர், கூப்பிட்டார்.

"அழுகாத தக்காளிக்கு டாக்டர் பட்டம் எவன் தருவான்? ஊறுகாய்க் கம்பெனியில வேலை கேளும்மா."

"இன்னும் ஒரு மாசம் பாக்கறேனுங்க சார்."

அந்த மாதத்தில் தங்கை கல்யாணம் வந்தது. வரமாட்டேன் என்றவரை அம்மா வெங்கடம்மாள் நேரில் வந்து பஸ் ஏற்றிக்கொண்டு போனார். கல்யாணம் முடிந்து திரும்பியபோது படிக்கட்டிலேயே நாற்றம். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, மாதேஸ்வரி மட்டும் மூச்சை நன்றாக இழுத்து, வாசலிலேயே உட்கார்ந்து நிம்மதியில் அழுதார். நாராயணப்பன் அவரை உள்ளே ஒருமுறை வரச்சொன்னார், நாற்றம் நின்றது. வெளியே போகச்சொன்னார், மறுபடி வந்தது.

"நீ வராண்டாவுலயே இரும்மா. உள்ள வந்துடாத."

"ஜன்னலத் திறந்து வெச்சாப் போதுங்க சார்."

அளவுகளை உள்ளிருந்து சரிதா என்ற மாணவி உரக்கச் சொல்ல, வெளியிலிருந்து இவர் எழுதிக்கொண்டார். பட்டம் கிடைத்தது. பேராசிரியரானார், பிறகு துறைத்தலைவரும் ஆனார், எல்லாம் வராண்டாவிலிருந்தே. சாரல் அடித்ததால் துறைச் செலவில் ஒரு குடை வாங்கினார்கள்.

ஓய்வுபெற்று ராயக்கோட்டைக்கே வந்துவிட்டார். விலை சரிந்தால் இங்கே இப்போது யாரும் தக்காளியை ரோட்டில் கொட்டுவதில்லை. மண்டியில் அவருக்கு ஒரு நாற்காலி போடுகிறார்கள். விலை ஏறும்வரை பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். இன்று விலை ஏறியது, இருந்ததெல்லாம் விற்றுப்போயிற்று. சாயங்காலம் மண்டிக்காரர் சின்னராஜ் தயங்கியபடி வந்தார்.

"வந்திருக்கறதெல்லாம் பச்சைக்காயிங்கம்மா. நீங்க இருந்தா சிவக்காதுங்க."

மாதேஸ்வரி சிரித்துக்கொண்டே துணிகளைப் பையில் எடுத்து வைத்தார். காய் சிவக்கும்வரை ஊரில் இருக்க வேண்டாம் என்று, நாளைக் காலை அவரை ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும்.